தீப்பெட்டியும் சுங்கவரியும்

இந்தியாவின் எந்த மூலையில் உள்ள மளிகைக் கடைக்குச் சென்றாலும் தீப்பெட்டி கிடைக்கும். தில்லியிலும் கொல்கத்தாவிலும் குவாஹாட்டியிலும் விற்கப்படும் தீப்பெட்டிகளின் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்தால் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி ஆகிய ஊர்ப்பெயர்களுள் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். அதே கடையில், தீப்பெட்டிக்குப் பக்கத்திலேயே, பத்துப் பதினைந்து ரூபாய்க்கு நெகிழியால் ஆன எரிவாயுத் தீமூட்டியும் விற்கப்பட்டு வந்தது. மக்கள் அதனை ‘லைட்டர்’ என்பர். கடல் கடந்து வந்த பொருள் அது.

இரண்டும் நெருப்பைத் தருபவை. ஒன்று உள்நாட்டில் செய்யப்பட்டது. மற்றொன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. எது மலிவு? மலிவானதை வாங்குவது மட்டும்தான் சரியா? வெளிநாட்டுப் பொருளுக்கு அரசு வரி விதிப்பது ஏன்? அவ்வரியை இறுதியில் யார் கொடுக்கின்றனர்? தீப்பெட்டியின் நூறாண்டு வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

உல்கும் சுங்கமும்

எல்லையைக் கடந்து வரும் பொருளுக்கு விதிக்கப்படும் வரி சுங்கவரி எனப்படும். இது புதிய வழக்கம் அன்று. சங்க காலத் தமிழில் இதற்கு ‘உல்கு’ என்று பெயர். இச்சொல் திருக்குறளிலும் இடம்பெற்றுள்ளது. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் ஏற்றவும் இறக்கவும் குவிக்கப்பட்ட பண்டங்கள் மீது சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டதையும், சுங்கம் கொள்வோர் ஓய்வின்றிப் பணியாற்றியதையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை விளக்குகிறது.

சுங்கம் அரசுக்கு வருவாய் தந்தது. ஆயினும் அது பொருளின் விலையையும் உயர்த்தியது. ஆகையால் சுங்கத்தை நீக்கிய மன்னன் புகழப்பட்டான். முதலாம் குலோத்துங்க சோழனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் சிறப்புப்பெயர் வழங்கியது. வரி வேண்டும் என்பதும் வரி வேண்டா என்பதும் தமிழ் மண்ணிலும் மிகப் பழைய வழக்குகளே.

விலை உருவாகும் விதம்

கடையில் ஒட்டப்பட்டிருக்கும் விலைச்சீட்டு ஒரே எண்ணைக் காட்டுகிறது. அந்த எண்ணுக்குள் பலருடைய பங்கு அடங்கியுள்ளது. இதனைக் கற்பனையான ஒரு கணக்கின் வழியாக அறியலாம்.

வெளிநாட்டுப் பொருள் ஒன்று இந்தியத் துறைமுகத்தை வந்தடைகிறது. பொருளின் விலை, காப்பீட்டுத் தொகை, கப்பற்கட்டணம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதன் மதிப்பு 100 ரூபாய் எனக் கொள்க. அப்பொருளுக்கு அடிப்படைச் சுங்கவரி 20 விழுக்காடு என்றால் வரி 20 ரூபாய். அவ்வரியின் மீது பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 ரூபாய், சமூகநல மிகைவரியாகச் சேர்கிறது. இப்போது அதன் அடக்கவிலை 122 ரூபாய்.

இறக்குமதி செய்தவர் தம் செலவுக்கும் ஆதாயத்துக்குமாக 18 ரூபாய் சேர்க்கிறார். மொத்த வணிகர் 20 ரூபாய் சேர்க்கிறார். கடை வாடகை, மின்கட்டணம், பணியாளர் கூலி ஆகியவற்றை ஏற்கும் சில்லறை வணிகர் 40 ரூபாய் சேர்க்கிறார். விலை 200 ரூபாய் ஆகிறது. அதன்மீது சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு எனில் 36 ரூபாய். வாங்குபவர் கொடுப்பது 236 ரூபாய். சரக்கு மற்றும் சேவை வரியின் ஒரு பகுதி துறைமுகத்திலேயே செலுத்தப்படும். பின்னர் அது கழித்துக்கொள்ளப்படுவதால் இங்கு இறுதிப் படியில் மட்டும் கணக்கிடப்பட்டுள்ளது.

இனி, சுங்கவரி முற்றிலும் நீக்கப்பட்டதாகக் கொள்க. 122 ரூபாய் அடக்கவிலை 100 ரூபாயாகக் குறைகிறது. மற்றவர்கள் சேர்க்கும் 78 ரூபாய் மாறவில்லை எனில் விலை 178 ரூபாய். வரியுடன் ஏறத்தாழ 210 ரூபாய். சுங்கமும் மிகைவரியுமாக 22 ரூபாய் குறைந்தபோது கடைவிலை ஏறத்தாழ 26 ரூபாய் குறைகிறது. சுங்கவரி விலையின் அடித்தளத்தில் நிற்பதால், அதன் மேல் வரும் வரியும் அதனோடு சேர்ந்து கூடுகிறது, குறைகிறது.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, சுங்கவரியைத் துறைமுகத்தில் செலுத்துபவர் இறக்குமதியாளர். ஆனால் பெரும்பாலும் அதன் சுமை விலையின் வழியாக வாங்குபவரிடம் வந்து சேர்கிறது. இரண்டாவது, வரியைக் குறைத்தால் விலை தானாகவே குறையும் என்று உறுதி கூற இயலாது. இடையில் உள்ள வணிகர்கள் அந்த 22 ரூபாயைத் தம் ஆதாயமாக வைத்துக்கொண்டால் கடைவிலை மாறாது. ஒரே பொருளை விற்கும் கடைகள் பல இருந்து, அவற்றிடையே போட்டியும் இருந்தால்தான் வரிக்குறைப்பின் பயன் வாங்குபவரை அடையும்.

தடையற்ற வணிகம்

நாடுகளுக்கிடையே சுங்கவரி முதலிய தடைகள் இன்றி நடைபெறும் வாணிகம் தடையற்ற வணிகம் எனப்படும். ஒவ்வொரு நாடும் தனக்கு எளிதாக வருவதைச் செய்து, மற்றதைப் பிறரிடம் வாங்கிக்கொண்டால் இரு நாடுகளும் பயனடையும் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் திராட்சை மதுவையும் அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

இக்கருத்தில் உண்மை உண்டு. மலிவான இறக்குமதியால் ஏழைக் குடும்பமும் கைப்பேசியையும் கைக்கடிகாரத்தையும் விளையாட்டுப் பொருளையும் வாங்க முடிகிறது. மிச்சமாகும் பணம் பால், புத்தகம், மருந்து ஆகியவற்றுக்குச் செலவாகிறது. உள்நாட்டு உற்பத்தியாளர்களும் போட்டியின் காரணமாகத் தரத்தை உயர்த்த முயல்கின்றனர்.

ஆயினும் வாங்குபவர் மட்டுமே மக்கள் அல்லர். செய்பவரும் மக்களே. ஒரு பொருள் ஓர் ஊரின் ஒரே பிழைப்பாக இருக்கும்போது, அதனினும் மலிவான பொருள் வெளியிலிருந்து வந்தால் அவ்வூர் மக்கள் வேறு தொழிலுக்கு மாற வேண்டியிருக்கும். அம்மாற்றம் ஏட்டில் எழுதுவதுபோல் எளிதன்று. ஐம்பது வயதில் ஒருவர் புதுத் தொழிலைக் கற்பது கடினம். வேலை தேடி வேற்றூர் செல்வதும் பலருக்கு இயலாது.

இரண்டு தம்பிடி வரி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பயன்பட்ட தீப்பெட்டிகளுள் பெரும்பாலானவை சுவீடன், ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தன. முதல் உலகப்போருக்குப் பின் ஆங்கிலேய இந்திய அரசுக்குப் பணத் தட்டுப்பாடு ஏற்பட்டது. வருவாயைப் பெருக்கும் நோக்குடன் 1922-ஆம் ஆண்டு இறக்குமதித் தீப்பெட்டிகள் மீதான சுங்கவரி ஒரு குரோசுக்கு 1 ரூபாய் 8 அணா என உயர்த்தப்பட்டது.

ஒரு குரோசு என்பது 144 பெட்டிகள். அக்காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. எனவே 1 ரூபாய் 8 அணா என்பது 24 அணா, அதாவது 288 தம்பிடி. அதனை 144 பெட்டிகளுக்குப் பகிர்ந்தால் பெட்டி ஒன்றுக்கு 2 தம்பிடி வரி ஆகிறது. கேட்பதற்குச் சிறு தொகையாகத் தோன்றினாலும், தீப்பெட்டியின் மதிப்போடு ஒப்பிட்டால் அது மிகப்பெரிய வரியாகும்.

அரசு எதிர்பார்த்தது வருவாய். ஆனால் விளைந்தது வேறு. வெளிநாட்டுத் தீப்பெட்டியின் விலை உயர்ந்ததால், உள்நாட்டில் தீப்பெட்டி செய்து விற்பது ஆதாயம் தரும் தொழிலாயிற்று. அவ்வேளையில் மழை குறைந்த, வேளாண்மை பொய்த்துவந்த சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் தொழில் கற்பதற்காகக் கல்கத்தா சென்றனர். கற்றபின் ஊர் திரும்பி 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர்.

பயிரைக் கெடுத்த அதே வறண்ட வெயில், மருந்து தோய்த்த குச்சிகளை உலர்த்த உதவியது. பெரிய இயந்திரங்கள் இன்றியே குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கவும் மருந்தில் தோய்க்கவும் பெட்டிகளை ஒட்டவும் முடிந்தது. தொழில் சாத்தூர், கோவில்பட்டி எனப் பரவியது. இப்பகுதி மக்கள் தீப்பெட்டித் தொழிற்கூடத்தைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றே அழைப்பர். பின்னர்ச் சுங்கவரி வாரியம் இத்தொழிலை ஆராய்ந்தது. 1928-இல், வருவாய்க்காக விதிக்கப்பட்ட அதே வரி உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் ‘பாதுகாப்பு வரி’ ஆக்கப்பட்டது.

மதிலைத் தாண்டும் வழிகள்

சுங்கவரி ஒரு மதில் போன்றது. மதில் எழுந்தவுடன் அதனைத் தாண்டும் வழியையும் வணிகர்கள் தேடுவர். 1922-ஆம் ஆண்டு வரிக்குப் பின் இருவகை வழிகள் காணப்பட்டன.

முதல் வழி, முழுப்பொருளுக்கு மாற்றாக உறுப்புகளைக் கொண்டுவருதல். மருந்து தோய்க்கப்படாத குச்சிகளையும் பெட்டி செய்வதற்குரிய மெல்லிய மரத்தகடுகளையும் தனித்தனியே இறக்குமதி செய்து, இங்கே தீப்பெட்டி ஆக்கினர். தீப்பெட்டிக்குத்தான் உயர்ந்த வரி. குச்சிக்கும் தகட்டுக்கும் அவ்வளவு வரி இல்லை. இதனை உணர்ந்த அரசு 1924-இல் அவற்றின் மீதும் தனி வரி விதித்தது.

இரண்டாம் வழி, மதிலுக்கு உள்ளேயே வந்து தொழிற்சாலை அமைத்தல். சுவீடன் நாட்டின் பெரிய தீப்பெட்டிக் குழுமம் 1923-இல் இந்தியாவிலேயே ‘விம்கோ’ என்னும் கிளை நிறுவனத்தைத் தொடங்கியது. பம்பாய்க்கு அருகில் உள்ள அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, சென்னை முதலிய இடங்களில் அதன் தொழிற்சாலைகள் எழுந்தன. இந்தியாவில் செய்யப்படும் பொருளுக்குச் சுங்கவரி இல்லை. ஆகவே சிவகாசியின் கைத்தொழில், கடலுக்கு அப்பால் இருந்த போட்டியாளரை இனி உள்நாட்டிலேயே எதிர்கொண்டது.

பெரிய இயந்திரங்களோடு சிறிய தொழிற்கூடங்கள் எவ்வாறு போட்டியிட்டன? அங்கும் வரியே உதவியது. 1934-இல் தீப்பெட்டிக்கு உள்நாட்டு உற்பத்தி வரி வந்தது. விடுதலைக்குப் பின், இயந்திரமில்லாமல் கையால் செய்யும் சிறு கூடங்களுக்கு உற்பத்தி வரி குறைவாகவும் பெரிய இயந்திர ஆலைகளுக்கு மிகுதியாகவும் விதிக்கப்பட்டது. இவ்வேறுபாடு சிறு கூடங்களைத் தாங்கி நிறுத்தியது.

விலையில் எழுதப்படாதது

பாதுகாக்கப்பட்ட தொழில் எல்லா வகையிலும் நல்ல தொழிலாக இருக்கும் என்று கூற இயலாது. தீப்பெட்டி மலிவாக விற்கப்பட்டதற்கு வறண்ட வெயிலும் குறைந்த வரியும் மட்டும் காரணங்கள் அல்ல. கூலி மிகக் குறைவு. பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர், சிறுமியரின் விரல்களும் பல்லாண்டுகள் குச்சிகளை அடுக்கின, பெட்டிகளை ஒட்டின. கடையில் ஒரு தீப்பெட்டியை வாங்கியவர் கொடுத்தது சில காசுகள். ஒரு குழந்தை இழந்த கல்வி அந்த விலையில் சேரவில்லை.

1986-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், குழந்தைகளை ஈடுபடுத்தக்கூடாத பணிகளின் பட்டியலில் தீப்பெட்டி செய்தலையும் சேர்த்தது. சிவகாசித் தொழிற்கூடங்களில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அத்தொகை குழந்தைகளின் நலனுக்குப் பயன்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயது நிறையாதவர்களைத் தொழில்களில் வேலைக்கு அமர்த்துவதைப் பொதுவாகத் தடை செய்தது.

எனவே மலிவு என்னும் சொல்லைக் கேட்கும்போது, அந்த மலிவு எதனால் வந்தது என்பதையும் ஆராய வேண்டும். நல்ல இயந்திரம், சிறந்த முறை, பெருமளவு உற்பத்தி ஆகியவற்றால் வந்த மலிவு ஒருவகை. தொழிலாளியின் கூலியையும் குழந்தையின் கல்வியையும் குறைத்துப் பெற்ற மலிவு வேறுவகை. பொருள் வெளிநாட்டதாயினும் உள்நாட்டதாயினும் இவ்வேறுபாடு உண்டு.

மதில் தாழ்ந்த காலம்

1991-ஆம் ஆண்டு கடும் அந்நியச் செலாவணி நெருக்கடிக்கிடையே பிரதமர் நரசிம்மராவும் நிதியமைச்சர் மன்மோகன் சிங்கும் இந்தியப் பொருளாதாரக் கொள்கையை மாற்றினர். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் சுங்கவரிகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 1995 ஜனவரி 1 அன்று உலக வணிக அமைப்பு தொடங்கியபோது இந்தியாவும் அதில் உறுப்பு நாடாயிற்று. இன்ன பொருளை இறக்குமதி செய்யக்கூடாது, இவ்வளவுதான் இறக்குமதி செய்யலாம் என்று முன்பு இருந்த கட்டுப்பாடுகளில் எஞ்சியிருந்தவற்றுள் பெரும்பாலானவை 2001 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டன. வெளிநாடுகளில் செய்யப்பட்ட மலிவு விலைப் பொருள்கள் இந்தியக் கடைகளில் பெருகின. எரிந்து தீர்ந்ததும் எறிந்துவிடும் நெகிழித் தீமூட்டியும் அவற்றுள் ஒன்று.

இதற்கிடையில் தீப்பெட்டியின் விலை மிக மெதுவாகவே உயர்ந்தது. 2007-இல் 50 காசிலிருந்து 1 ரூபாயாயிற்று. அதன்பின் 14 ஆண்டுகள் அவ்விலை மாறவில்லை. சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை ஆகிய மூலப்பொருள்களின் விலை ஏறியதால் 2021 டிசம்பர் 1 முதல் விலை 2 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்போது ஒரு பெட்டியில் இருந்த குச்சிகளின் எண்ணிக்கையும் 36-லிருந்து 50 ஆக்கப்பட்டது. ஆகவே விலை இருமடங்கானது போலத் தோன்றினாலும், ஒரு குச்சியின் விலை ஏறத்தாழ 2.8 காசிலிருந்து 4 காசாகவே உயர்ந்தது. விலையை மட்டும் நோக்காமல், அவ்விலைக்குக் கிடைக்கும் அளவையும் நோக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வாறு செலவு ஏறிய காலத்தில் தீமூட்டியின் போட்டி தீப்பெட்டித் தொழிலை வருத்தியது. ஒரு மலிவுத் தீமூட்டி இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது உற்பத்தியாளர்கள் முன்வைத்த கணக்கு. இருபது பெட்டிகளின் விலை 40 ரூபாய். தீமூட்டியின் விலையோ பத்துப் பதினைந்து ரூபாய். வாங்குபவரின் கணக்கில் தீமூட்டியே மலிவு. விருதுநகர், தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களின் தீப்பெட்டித் தொழிலாளரின் கணக்கில், விற்காமல் போன அந்த இருபது பெட்டிகளே அவர்களது அன்றைய வேலை. அத்தொழிலாளருள் பெரும்பாலோர் பெண்கள்.

மீண்டும் எழுந்த மதில்

தீமூட்டி இறக்குமதியைத் தடுக்குமாறு தமிழ்நாடு அரசு 2022-இல் ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது. 2023 ஜூன் இறுதியில் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. விலை, காப்பீடு, கப்பற்கட்டணம் மூன்றும் சேர்ந்த மதிப்பு 20 ரூபாய்க்குக் குறைவாக உள்ள தீமூட்டிகளை இறக்குமதி செய்தல் கூடாது என்பது அதன் சாரம். இது சுங்கவரி அன்று; விலையை எல்லையாகக் கொண்ட தடை. விலை உயர்ந்த தீமூட்டிகள் வரலாம். தீப்பெட்டியோடு போட்டியிடும் மலிவானவை மட்டும் வரக்கூடாது.

இம்முறையும் உறுப்புகளைக் கொண்டுவந்து உள்நாட்டில் பொருத்தி விற்கும் வழி திறந்திருந்தது. ஆகவே 2024 அக்டோபரில் தீமூட்டியின் உறுப்புகளை இறக்குமதி செய்வதும் தடை செய்யப்பட்டது. 1922-இல் தீப்பெட்டிக்கு வரி, 1924-இல் குச்சிக்கும் தகட்டுக்கும் வரி. 2023-இல் தீமூட்டிக்குத் தடை, 2024-இல் அதன் உறுப்புகளுக்குத் தடை. நூறாண்டு இடைவெளியில் அரசும் வணிகமும் அதே படிகளில் நடந்துள்ளன.

இரு பக்கமும் நோக்குதல்

தடையால் சிறு தேநீர்க் கடைக்காரர் முன்பு வாங்கிய மலிவான பொருளை இழக்கிறார். தொழிலாளருக்கோ வேலை நீடிக்கிறது. தூக்கியெறியப்படும் நெகிழியின் அளவும் குறையலாம். அக்குப்பையை அகற்றும் செலவு தீமூட்டியின் விலைச்சீட்டில் என்றுமே எழுதப்பட்டதில்லை. மற்றொருபுறம், போட்டி இல்லாத தொழில் முன்னேற மறந்துவிடும் இடரும் உண்டு. வீடுகளில் அடுப்பைப் பற்றவைக்கும் பழக்கமே மாறிவரும்போது, இறக்குமதித் தடை ஒன்றினால் மட்டும் தீப்பெட்டித் தொழில் நெடுங்காலம் நிலைபெறும் என்று எண்ண இயலாது. தடை தருவது காலம். அக்காலத்தில் நல்ல கூலியும் பாதுகாப்பான பணியிடமும் புதிய தொழில்களும் உருவாக வேண்டும்.

மதில் எழுப்பும் உரிமை பிற நாடுகளுக்கும் உண்டு என்பதையும் மறத்தல் கூடாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரை சுங்கவரி விதித்தது. அமெரிக்கக் கடைகளுக்குப் பின்னலாடை அனுப்பிவந்த திருப்பூர் அதனால் கவலை அடைந்தது. சிவகாசியில் எல்லை மூடப்படுவதால் தொழிலாளி மூச்சுவிடுகிறார். திருப்பூரில் எல்லை திறந்திருந்தால்தான் தொழிலாளிக்கு வேலை உண்டு. இருவரும் ஒரே நாட்டினர், ஒரே மாநிலத்தவர்.

ஆகையால் சுங்கவரி எப்போதும் நன்று என்றோ, எப்போதும் தீது என்றோ ஒரே சொல்லில் முடிவு கூற இயலாது. எப்பொருளுக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், யாருக்காக என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே வரி நியாயமானதா என்பதைத் தீர்மானிக்க முடியும். மக்களாட்சியில் இவ்வினாக்களை எழுப்புவது பொருளியல் அறிஞரின் வேலை மட்டுமன்று. கடைக்குச் சென்று பொருள் வாங்கும் ஒவ்வொருவரின் உரிமையும் கடமையும் ஆகும்.

இறக்குமதி செய்யப்பட்டு உறையிட்டு விற்கப்படும் பொருளின் மீது இறக்குமதியாளரின் பெயர், பொருள் தோன்றிய நாடு, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவை அச்சிடப்பட வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அச்சிறு எழுத்துகளைப் படிக்கப் பழகுவோர், பொருளின் விலையோடு அது வந்த வழியையும் அறிந்துகொள்வர்.

பயிற்சி

1. ‘உல்கு’, ‘சுங்கம்’ ஆகிய சொற்களின் பொருளை எழுதி, ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் அமைக்க.

2. 1922-ஆம் ஆண்டின் சுங்கவரி அரசு எதிர்பாராத எந்த விளைவைத் தந்தது?

3. பாடத்தில் உள்ள கற்பனைக் கணக்கில் சுங்கவரி 40 விழுக்காடு எனக் கொண்டு, வாங்குபவர் கொடுக்கும் இறுதி விலையைக் கணக்கிடுக.

4. ‘மதிலைத் தாண்டும் வழிகள்’ இரண்டினையும் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

5. வீட்டில் உள்ள ஐந்து பொருள்களின் உறைகளைப் படித்து, அவை செய்யப்பட்ட ஊர் அல்லது நாடு, அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவற்றை அட்டவணையாக எழுதுக.

6. மலிவுத் தீமூட்டிக்கு விதித்த தடை சரியே என ஓர் அணியும், சரியன்று என மற்றோர் அணியும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக. பின்னர் எதிரணியினர் கூறியவற்றுள் சிறந்த கருத்து ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக.